திருப்பி அனுப்பும் தீர்ப்பு

செய்தித்தாளின் உள்பக்கத்தில் சில நாள்களில் ஒரு சிறு செய்தி காணப்படும். விற்பனை வரி வழக்கு ஒன்றில் தீர்ப்பாயம் அளித்த உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது; வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி அதே தீர்ப்பாயத்துக்குத் திருப்பி அனுப்பியது; இவ்வளவுதான் செய்தி. இதைப் படிக்கும் மாணவருக்கு இயல்பாகவே ஓர் ஐயம் எழும். வணிகர் வென்றாரா, அரசாங்கம் வென்றதா? இருவரும் வெல்லவில்லை என்றால் உயர் நீதிமன்றம் செய்த வேலைதான் யாது? முடிவு சொல்ல வேண்டியவர்கள் முடிவு சொல்லாமல் தட்டிக் கழித்துவிட்டார்கள் என்று கருதலாமா? இந்த ஐயத்தைத் தெளிவுபடுத்துவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் சொல்லைத் தெரிந்துகொள்வோம். இவ்வாறு திருப்பி அனுப்புவதைச் சட்டத்துறையினர் 'ரிமாண்ட்' என்பார்கள். குற்ற வழக்குகளில் ஒருவரைக் காவலில் வைக்கும்படி உத்தரவிடுவதற்கும் இதே சொல் வழங்குவதால் பலர் மயங்குவதுண்டு. அடிப்படைப் பொருள் இரண்டிலும் ஒன்றே. திருப்பி அனுப்புதல் என்பதே அது. அங்கே ஆளைக் காவலுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். இங்கே வழக்கைக் கீழ்மன்றத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். நாம் பேசப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

இனி, விற்பனை வரி என்பதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1937-ஆம் ஆண்டில் ராஜாஜி தலைமையில் அமைந்த சென்னை மாகாண அமைச்சரவை, சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. கள், சாராயம் ஆகியவற்றிலிருந்து வந்துகொண்டிருந்த வருமானம் இதனால் குறைந்தது. அந்தக் குறையை ஈடுசெய்யும் பொருட்டு 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் விதித்தது சென்னை மாகாணமே. பின்னர் 1959-ஆம் ஆண்டின் முதலாவது சட்டமாக விரிவான புதிய விற்பனை வரிச் சட்டம் வந்தது. 2007-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று தமிழ்நாட்டில் அதன் இடத்தை மதிப்புக் கூட்டு வரி பிடித்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று நாடு முழுவதற்குமான சரக்கு மற்றும் சேவை வரி வந்தது. பெட்ரோல், டீசல் போன்ற சில பண்டங்களும், மனிதர் அருந்தும் மதுவும் மட்டும் இன்னும் மாநிலங்களின் பழைய வரி முறையிலேயே இருந்துவருகின்றன. சட்டத்தின் பெயர் பல முறை மாறிற்று. ஆனால் வரி கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையே எழும் வழக்கைத் தீர்க்கும் முறையின் அடிப்படை மாறவில்லை.

அந்த முறை ஒரு படிக்கட்டைப் போன்றது. 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதற்படியில் இருந்தவர் வரி விதிக்கும் அதிகாரி. வணிகர் தாம் ஓராண்டில் விற்ற சரக்கின் மொத்த மதிப்பைக் கணக்கிட்டு அவருக்குத் தெரிவிக்க வேண்டும். இம்மொத்த மதிப்புக்கு விற்றுமுதல் என்று பெயர். அதிகாரி வணிகரின் நாளேடு, பேரேடு, பட்டியல், சரக்கு இருப்பு ஆகியவற்றைப் பார்த்து அக்கணக்கை ஏற்கலாம். நம்பத்தக்கதாக இல்லையென்று கண்டால் மறுத்துவிட்டுத் தாமே ஒரு மதிப்பீடு செய்யலாம். அவருடைய முடிவினால் பாதிக்கப்பட்டவர் இரண்டாம் படியாகிய மேல்முறையீட்டு உதவி ஆணையரிடம் செல்லலாம். அங்கும் குறை தீராவிட்டால் மூன்றாம் படியாகிய விற்பனை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அதற்கும் மேலே உயர் நீதிமன்றம் இருந்தது.

இந்தப் படிக்கட்டில் ஒரு நுட்பம் உண்டு. மாணவர்கள் அதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். தீர்ப்பாயம் வரையில் உள்ள மூன்று படிகளும் உண்மையையும் ஆராயலாம், சட்டத்தையும் ஆராயலாம். உயர் நீதிமன்றமோ சட்டப் பிரச்சினையை மட்டுமே ஆராயும். இன்ன நாளில் இன்ன கடையில் எத்தனை மூட்டை விற்றது என்பது உண்மை பற்றிய கேள்வி. அவ்விற்பனைக்கு இன்ன சட்டப்படி வரி உண்டா என்பது சட்டம் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்கு இறுதி விடை சொல்லும் இடம் தீர்ப்பாயம். அதனால்தான் தீர்ப்பாயத்தை உண்மை காணும் கடைசி மன்றம் என்று சொல்வார்கள்.

இப்போது ஒரு கற்பனை வணிகரை எடுத்துக்கொள்வோம். பழைய விற்பனை வரிச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் ஒரு சிற்றூரில் கடலை எண்ணெய் வியாபாரம் செய்தவர் அவர். ஓராண்டின் விற்றுமுதல் 9,00,000 ரூபாய் என்று கணக்குக் கொடுத்தார். அதிகாரி கடையைச் சோதனையிட்டபோது ஒரு துண்டுச் சிட்டை கிடைத்தது. அதில் ஒரு மாதத்துக்குரிய 40,000 ரூபாய் விற்பனை எழுதப்பட்டிருந்தது. அந்தத் தொகை பேரேட்டில் இல்லை. ஒரு மாதத்துக்கு 40,000 மறைத்தவர் பன்னிரண்டு மாதங்களும் மறைத்திருப்பார் என்று அதிகாரி முடிவு செய்தார். 4,80,000 ரூபாயைக் கூட்டி, விற்றுமுதல் 13,80,000 ரூபாய் என்று நிர்ணயித்து, வரி விதித்துவிட்டார்.

வணிகர் சொன்ன விளக்கம் வேறு. 'அந்தச் சிட்டை என்னுடையது அன்று. பக்கத்து ஊரில் தனியே கடை வைத்திருக்கும் என் தம்பியினுடையது. அம்மாதம் அவன் நோயுற்றிருந்ததால் அவன் சரக்கை என் கடையில் வைத்து விற்றுக் கொடுத்தேன். அத்தொகை அவன் கணக்கில் ஏறி, அவன் வரியும் செலுத்திவிட்டான். இதோ அவனுடைய பேரேடு' என்றார் அவர். அதிகாரி பேரேட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. உதவி ஆணையரும் பார்க்கவில்லை. வழக்குத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. தீர்ப்பாயம், 'மனுதாரரின் விளக்கம் ஏற்கத்தக்கதன்று. ஆயினும் கூட்டப்பட்ட தொகை சற்று மிகையாகத் தோன்றுவதால் அதைப் பாதியாகக் குறைக்கிறோம்' என்று கூறி 2,40,000 ரூபாய் என நிர்ணயித்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தாராளமான முடிவு என்றே தோன்றும். பாதித் தொகை குறைந்துவிட்டதே! ஆனால் சற்றே சிந்தியுங்கள். சிட்டை தம்பியினுடையது என்பது உண்மையானால் ஒரு ரூபாயைக்கூடக் கூட்டியிருக்கக் கூடாது. அது பொய்யானால் பாதியாகக் குறைப்பதற்கு என்ன காரணம்? பாதி என்ற அளவு எந்தக் கணக்கிலிருந்து வந்தது? தம்பியின் பேரேட்டில் அத்தொகை இருந்ததா, இல்லையா? இந்தக் கேள்விகளுள் ஒன்றுக்கும் உத்தரவில் விடை இல்லை. வேண்டியவருக்குப் பாதி, வேண்டாதவருக்குப் பாதி என்று பண்டத்தைப் பங்கிடலாம். உண்மையைப் பங்கிட முடியாது.

வணிகர் உயர் நீதிமன்றத்தை நாடுகிறார். தம்முன் வைக்கப்பட்ட முக்கியமான சான்றைத் தீர்ப்பாயம் ஆராயவில்லை என்பதும், தன் முடிவுக்குக் காரணம் காட்டவில்லை என்பதும் சட்டப் பிழைகள். ஆகவே உயர் நீதிமன்றம் தலையிட முடியும். அது உத்தரவை ரத்துச் செய்கிறது. 'தம்பியின் பேரேட்டைப் பார்வையிட்டு, இரு தரப்பினரையும் கேட்டு, காரணங்களுடன் புதிய உத்தரவு பிறப்பிக்க' என்று கூறி வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்புகிறது.

இங்கே நீங்கள் கேட்கலாம்: அந்தப் பேரேட்டை உயர் நீதிமன்றமே வாங்கிப் பார்த்து அன்றே முடிவு சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் இந்தச் சுற்று?

பள்ளிக்கூட உதாரணம் ஒன்றால் இதை விளக்கலாம். ஒரு மாணவனின் விடைத்தாளில் ஐந்தாவது விடை திருத்தப்படாமலே விடப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவன் தலைமையாசிரியரிடம் முறையிடுகிறான். தாள் இரசாயனத் தாள்; தலைமையாசிரியரோ வரலாறு படித்தவர். அவர் தாமே பேனாவை எடுத்து எட்டு மதிப்பெண் என்று போட்டுவிட்டால் மாணவன் மகிழலாம். ஆனால் அது முறையாகாது. 'ஐந்தாவது விடை திருத்தப்படவில்லை. திருத்தி மதிப்பெண் இடுக' என்று குறிப்பெழுதித் தாளை இரசாயன ஆசிரியரிடம் அனுப்புவதே முறை. விடை விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது தலைமையாசிரியரின் அதிகாரம். அந்த விடை எத்தனை மதிப்பெண் பெறும் என்று சொல்வது பாட ஆசிரியரின் பொறுப்பு. திருத்திய பிறகு அந்த விடைக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்; முழு மதிப்பெண்ணும் கிடைக்கலாம். தாளைத் திருப்பி அனுப்பியதனாலேயே மாணவன் தேறிவிட்டான் என்று பொருளாகாது.

வழக்கிலும் இவ்வாறே. திருப்பி அனுப்பும் தீர்ப்பு, முடிவு தவறு என்று சொல்வதில்லை. முடிவுக்கு வந்த வழி தவறு என்று சொல்கிறது. நேர்வழியில் சென்றாலும் அதே முடிவுக்கு வந்து சேரலாம். ஆனால் அப்போது அது ஊகத்தின் முடிவாக இராது. ஆராய்ச்சியின் முடிவாக இருக்கும். இந்த வேறுபாட்டிலேதான் நீதி என்பது அடங்கியிருக்கிறது.

இதற்கு நம் நாட்டு வரலாற்றில் உண்மையான எடுத்துக்காட்டுகள் உண்டு. வருமான வரி பற்றிய புகழ்பெற்ற வழக்கு ஒன்றை முதலில் சொல்கிறேன். வரி வேறானாலும் நீதி ஒன்றே. டாக்கேஸ்வரி பஞ்சாலை என்பது வங்காளத்து ஆலை. அதன் கணக்கை ஏற்க மறுத்த வருமான வரி அதிகாரி தாமே இலாபத்தை மதிப்பிட்டார். வழக்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. அங்கே வரித்துறையின் பிரதிநிதி, மற்ற ஆலைகளின் இலாப விகிதம் பற்றிச் சில விவரங்களைத் தந்தார். தீர்ப்பாயம் அவற்றை நம்பி முடிவு செய்தது. ஆனால் அவற்றை ஆலைக்குக் காட்டவில்லை, மறுத்துப் பேச இடம் கொடுக்கவும் இல்லை. ஆலை காட்ட விரும்பிய ஆதாரங்கள் அனைத்தையும் பெற்றுக்கொள்ளவும் இல்லை. 1954-ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி மேஹர் சந்த் மகாஜன் தலைமையில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கைத் தீர்த்தது. கணக்கை மறுத்த அதிகாரி, நீதிமன்றங்களுக்குரிய சாட்சிய விதிகள் அனைத்துக்கும் கட்டுப்பட்டவர் அல்லர்; ஆயினும் வெறும் சந்தேகத்தின் மீதோ, வெறும் ஊகத்தின் மீதோ வரி விதிக்க அவருக்கு உரிமை இல்லை என்று அது கூறிற்று. தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்துச் செய்து, ஆலைக்கு முழு வாய்ப்பும் அளித்து மீண்டும் ஆராயும்படி தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பியது. இலாபம் இவ்வளவு என்று உச்ச நீதிமன்றம் தானே ஒரு தொகையைச் சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அடுத்தது விற்பனை வரி வழக்கே. கேரளத்தில் மளிகை வணிகர் ஒருவரின் கணக்கில் வெளிப்படையான குறை எதுவும் இல்லை. ஆனால் மொத்த வணிகர் ஒருவரின் ஏட்டில், இவருக்கு விற்றதாகக் கண்ட சில சரக்குகள் இவர் ஏட்டில் இல்லை. எனவே இவர் கணக்கு முழுமையற்றது என்று அதிகாரி ஒதுக்கிவிட்டார். 'அந்த மொத்த வணிகரை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்' என்று இவர் கேட்டார், அனுமதி கிடைக்கவில்லை. நியாயமாகச் சிந்தித்தால், எழுதாமல் விட்டது இவர் பிழையா, பொய்யாக எழுதியது அவர் பிழையா என்பதே கேள்வி. இரண்டு ஏடுகள் முரண்படும்போது ஓர் ஏட்டுக்காரரை மட்டும் நம்பி மற்றவரைத் தண்டிப்பது எவ்வாறு பொருந்தும்? கணக்கின் உண்மையை மெய்ப்பிக்கும் வாய்ப்பைச் சட்டம் ஒருவருக்கு அளித்திருக்கும்போது, எதிராக நிறுத்தப்பட்ட ஏட்டுக்குரியவரைக் கேள்வி கேட்கும் உரிமையும் அந்த வாய்ப்பில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. கேரள அரசின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. 'சிம் அட்டை' என்று நீங்கள் சொல்லும் அந்தச் சிறு துண்டு ஒரு பண்டமா, அல்லது தொலைபேசிச் சேவையின் ஓர் உறுப்பா? பண்டமானால் அதன் விலைக்கு மாநிலம் விற்பனை வரி கேட்கலாம். சேவையின் உறுப்பானால் கேட்க முடியாது. பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனமும் பிற தொலைபேசி நிறுவனங்களும் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தீர்த்தது. தொலைபேசிச் செய்தியைச் சுமந்து செல்லும் மின்காந்த அலைகள் விற்பனைக்குரிய பண்டமல்ல என்று அது முடிவாகவே சொல்லிவிட்டது. அது சட்டம் பற்றிய கேள்வி. ஆனால் சிம் அட்டையைப் பற்றி அவ்வாறு முடிவு சொல்லவில்லை. நிறுவனமும் வாடிக்கையாளரும் அதைத் தனியொரு பொருளாகக் கருதி வாங்கி விற்கிறார்களா, இணைப்புப் பெறுவதற்கு ஒரு கருவியாக மட்டுமே கொள்கிறார்களா என்பது உண்மை பற்றிய கேள்வி என்று கூறி, தான் வகுத்த நெறியின்படி அதை ஆராயும்படி விற்பனை வரி அதிகாரிகளுக்குத் திருப்பி அனுப்பியது. அதன்பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். சிம் அட்டையின் விலை பற்றி மற்றொரு வழக்கு 2011-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதற்குள் வரி அதிகாரிகளே சிம் அட்டைக்கு விற்பனை வரி விதிப்பதில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். சிம் அட்டை தனிப் பண்டமாக விற்கப்படுவதன்று, சேவையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒரே தீர்ப்பில் ஒரு கேள்விக்கு முடிவும், மற்றொரு கேள்விக்குத் திருப்பி அனுப்புதலும் அமைந்ததற்கு இது நல்ல சான்று.

இதுவரை கூறியவற்றால் திருப்பி அனுப்புவது எப்போதும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை காலம். நம் கற்பனை வணிகர் முதல் உத்தரவு பெற்ற ஆண்டில் அவர் மகன் தொடக்கப் பள்ளியில் படித்தான் என்றால், வழக்குத் திரும்பி வரும்போது அவன் கல்லூரியில் சேர்ந்திருக்கக்கூடும். வழக்கு நடக்கும் காலமெல்லாம் வணிகருக்குக் கடன் கொடுப்பவர் தயங்குவார், முதல் முடங்கும். அரசாங்கத்துக்கும் நட்டம் உண்டு. வர வேண்டிய வரி நியாயமானதாக இருந்தால், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் செல்ல வேண்டிய பணம் அதுவரை வாராமல் நிற்கிறது. மேலும், ஆண்டுகள் செல்லச் செல்ல ஏடுகள் செல்லரிக்கும், சாட்சிகள் ஊர் மாறிப் போவார்கள், நினைவுகள் மங்கும். எந்த உண்மையைக் காண்பதற்காக வழக்குத் திரும்பிச் சென்றதோ அந்த உண்மையே மறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது.

ஆகவேதான் சட்டம் இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 41-ஆவது கட்டளை மேல்முறையீடுகளைப் பற்றியது. தேவையான சான்றுகள் எல்லாம் ஏட்டிலேயே இருக்குமானால், மேல்முறையீட்டு மன்றம் தானே இறுதி முடிவு சொல்லலாம் என்று அது வழி செய்கிறது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் விடை வேண்டுமென்றால் வழக்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அந்தக் கேள்வியை மட்டும் கீழ்மன்றத்துக்கு அனுப்பி விடை பெறவும் வழி உண்டு. இவ்விரண்டும் போதாதபோதுதான் முழு வழக்கையும் திருப்பி அனுப்ப வேண்டும். இக்கட்டளை உரிமையியல் மன்றங்களுக்கென எழுதப்பட்டது என்றாலும், அதில் உள்ள நெறி எந்த மன்றத்துக்கும் ஏற்றது.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் இதில் இன்னும் ஒரு படி சென்றிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் அந்த மத்தியச் சட்டத்தில் 107-ஆவது பிரிவு, முதல் மேல்முறையீட்டு அதிகாரி வழக்கை வரி விதித்த அதிகாரிக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று விதிக்கிறது. அவர் தாமே ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும். 113-ஆவது பிரிவோ, அவருக்கு மேலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தக்க கட்டளைகளுடன் வழக்கைக் கீழே திருப்பி அனுப்பலாம் என்று இடம் தருகிறது. அந்தத் தீர்ப்பாயம் 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. கீழ்ப்படியில் இந்தக் கதவை அடைத்து, மேற்படியில் திறந்து வைத்திருப்பதன் கருத்து தெளிவானது. வழக்கு இரண்டு அதிகாரிகளுக்கு இடையே பந்துபோல உருளக் கூடாது; அதே வேளையில், உண்மை காணப்படாத வழக்குக்குக் கதி இல்லாமலும் போகக் கூடாது.

திருப்பி அனுப்பும் உத்தரவு எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்பதும் முக்கியமானது. 'மீண்டும் விசாரிக்க' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிட்டால் கீழ்மன்றம் எதை விசாரிப்பது என்று அறியாமல் பழைய பாதையிலேயே செல்லும். எந்தச் சான்றைப் பார்க்க வேண்டும், எந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும், எத்தனை காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பவற்றைத் தெளிவாகக் குறிக்கும் உத்தரவே நல்ல உத்தரவு. குறிப்பிட்ட கேள்விகளுக்காக மட்டும் அனுப்பினால் கீழ்மன்றம் அவ்வெல்லைக்குள் நிற்க வேண்டும். முழு வழக்கையும் புதிதாக ஆராயச் சொன்னால் எல்லாக் கேள்விகளும் மீண்டும் எழும். அப்போது வணிகருக்கு முன்னிலும் சாதகமான முடிவும் வரலாம், பாதகமான முடிவும் வரலாம். திரும்பி வந்த வழக்கைக் கண்டு முன்கூட்டியே களிப்பதும் கூடாது, கலங்குவதும் கூடாது.

கீழ்மன்றத்துக்கும் ஒரு கடமை உண்டு. மேலிருந்து வந்த கட்டளையை மனமொப்பி நிறைவேற்றுவதே அது. போபால் சர்க்கரை ஆலை வழக்கில் தீர்ப்பாயம் இட்ட தெளிவான கட்டளையை வருமான வரி அதிகாரி ஒருவர் நிறைவேற்ற மறுத்தார். தீர்ப்பாயத்தின் கருத்துப் பிழையென்பது அவர் எண்ணம். 1960-இல் அவ்வழக்கைத் தீர்த்த உச்ச நீதிமன்றம், இவ்வாறு மறுப்பது நீதியையே மறுப்பதாகும் என்று கண்டித்து, கட்டளையை நிறைவேற்றும்படி செய்தது. மேல்மன்றத்தின் கருத்துப் பிழையென்று ஒருவர் நினைத்தால், சட்டம் காட்டும் வழியில் அதற்கும் மேலே முறையிடலாம். கீழ்ப்படியாமல் இருக்க முடியாது. படிக்கட்டில் ஒரு படி பெயர்ந்தால் ஏறுபவர் அனைவரும் விழுவர்.

மாணவர்களே, இவையெல்லாம் வணிகர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் உரிய செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதிகாரம் கையில் உள்ள ஒருவர் குடிமகனிடம், 'நீ இவ்வளவு கொடுக்க வேண்டும்' என்று சொல்லும்போது, 'எப்படிக் கணக்கிட்டீர்கள்?' என்று திருப்பிக் கேட்கும் உரிமை குடிமகனுக்கு இருக்கிறதா என்பதே இங்குள்ள அடிப்படைக் கேள்வி. அந்த உரிமை உள்ள நாட்டில் வரி என்பது கடமையாகிறது. இல்லாத நாட்டில் அது பறிப்பாகிவிடுகிறது. சிலம்பு திருடிய கள்வன் என்று ஒருவன் சொன்ன சொல்லை நம்பி, ஆராயாமல் ஆணையிட்ட பாண்டிய மன்னனின் கதையை நீங்கள் படித்திருக்கிறீர்கள். உண்மை தெரிந்தபோது அந்த மன்னனால் தன் உயிரைத்தான் கொடுக்க முடிந்தது. ஆணையைத் திரும்பப் பெற முடியவில்லை. பிழைபட்ட ஓர் ஆணையைத் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்லும் ஏற்பாடு ஓர் அரசுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை அக்கதை உணர்த்தும்.

இனிமேல் செய்தித்தாளில் 'வழக்குத் திருப்பி அனுப்பப்பட்டது' என்று காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, எந்தச் சான்று பார்க்கப்படாமல் விடப்பட்டது, அல்லது யாருடைய சொல் கேட்கப்படாமல் விடப்பட்டது? இரண்டாவது, அதை மேல்மன்றமே பார்த்து முடித்திருக்க முடியாதா? மூன்றாவது, எந்தக் கட்டளையுடன், எத்தனை காலத்துக்குள் முடிக்குமாறு அது அனுப்பப்பட்டது? மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமானால் அந்தத் தீர்ப்பு நீதியின் பாதையில் ஒரு படி. கிடைக்காவிட்டால் அது வெறும் காலதாமதமே. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வது நல்ல குடிமக்களாகப் போகும் உங்களுக்குப் பயன்படும் கல்வியாகும்.